கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு நட்சத்திரம்

அகராதி அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் நட்சத்திரக்காரர். எழுத்தில் எங்கும் கிடைக்காமல், இன்றைய மொழிகளில் உள்ள அதன் வாரிசுச் சொற்களை வைத்து ஊகித்த பழஞ்சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இடுவது இருபது வருடமாக அவர் வேலை. கடையில் இருக்குமோ இருக்காதோ என்று தோன்றினால் மளிகைச் சீட்டிலும் ஒன்று போட்டுவிடுவார்.

அந்தக் கை சும்மா இருக்குமா? மனைவியின் அண்ணன் தன் வம்சப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுத்தார். உச்சியில் இருந்த கொள்ளுத்தாத்தாவுக்குப் போட்டோவும் இல்லை, பத்திரமும் இல்லை. விழுந்தது நட்சத்திரம்.

மறுநாள் அண்ணன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மேசைமேல் கிடந்த சீட்டில் மூல ஜெர்மானிய மொழிச் சொல் 'ஹுண்டஸ்' நட்சத்திரத்தோடு இருந்தது, பக்கத்தில் 'நாய்' என்று பொருள்.

"ஏன் மாப்ள, நாய்க்குப் போட்ட குறியத்தான் எங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் போடுவீங்களா? இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

இந்தச் சேதி வீட்டுக்குப் போனால் சோறு கிடைக்காது என்று நட்சத்திரக்காரருக்குத் தெரியும்.

"உக்காருங்க மச்சான். இங்கிலீஷ்ல ஹவுண்ட், ஜெர்மன்ல ஹுண்ட், டச்சுல ஹோண்ட். எல்லாம் ஒரே ஜாடை. அப்பன யாரும் பாத்ததில்ல, ஆனா அவன் இல்லாம இதுங்க எங்கருந்து வரும்? பொய்னு தோணினா நட்சத்திரம் போட மாட்டோம், கோடு போட்டு அடிச்சிடுவோம்."

"அதுக்கு?"

"உங்க மூக்கு, உங்க தம்பி மூக்கு, உங்க தங்கச்சி மூக்கு. மூணும் கிளி மூக்கு. கொள்ளுத்தாத்தாவுக்கு வேற சாட்சி எதுக்கு?"

அண்ணன் மூக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு பட்டியலை நீட்டினார்.

"அப்படின்னா இன்னும் கொஞ்சம் பெருசா போடுங்க மாப்ள. தூரத்துலேந்து தெரியணும்."