வெள்ளிக்கிழமைப் பின்னல்

எங்கள் டென்வர் நகரில், வெல்டன் தெருவில் முடி பின்னும் கடை வைத்திருக்கும் எர்லீனைப் பற்றி இதற்குள் யாராவது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நான் முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் எழுதியதைச் சுமந்துதான் எனக்குப் பழக்கம். வேறு யாரும் முன்வராததால் நானே எழுதுகிறேன்.

எங்கள் கறுப்பர் பனிச்சறுக்குச் சங்கத்தின் பேருந்து குளிர்காலச் சனிக்கிழமைகளில் விடியும் முன்பே தேவாலய வாசலிலிருந்து மலைக்குக் கிளம்பிவிடும். ஆரம்பத்தில் அதில் முப்பது ஆண்கள் இருந்தால் பெண்கள் நாலு பேர்தான் இருப்போம். மலையில் எங்களைக் கண்டு, வழி தவறி வந்துவிட்டார்களோ என்று முழிக்கிறவர்கள் உண்டு. முழிக்கட்டும், அதற்கெல்லாம் பயந்து யாரும் வீட்டில் இருக்கவில்லை. பெண்கள் வராததற்குக் காரணம் தலைமுடி. எங்கள் முடி சுருண்டு, அடர்ந்து, எழும்பி நிற்கும். வாடகை ஹெல்மெட்டைச் செய்தவர்கள் எங்கள் தலையை நினைத்துச் செய்யவில்லை. கொண்டை போட்டால் ஏறாது, விரித்துவிட்டால் உட்காராது. ஞாயிறு ஆராதனைக்காகப் பாடுபட்டு நேராக்கிய முடியில் பனி ஈரம் பட்டால் மறுபடி சுருண்டுவிடும், அவ்வளவுதான். சங்கத்து ஆண்களோ, பெண்களுக்குக் குளிர் என்றால் பயம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எர்லீனுக்கு விஷயம் புரிந்தது. சங்கத்திலிருந்து ஒரு ஹெல்மெட்டை வாங்கி வந்து கடை அலமாரியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை வருகிறவர்களுக்கு நெற்றியிலிருந்து பிடரிவரை, மண்டையோடு படியும்படி சிறு சிறு பின்னல்களாகப் பின்னினாள். முடித்ததும் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்ப்பாள்.

"தலைய ஆட்டுடி" என்பாள்.

ஹெல்மெட் துளி அசைந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி பின்னுவாள். ஆடுகிற ஹெல்மெட்டோடு ஒருத்தியும் தன் கடையிலிருந்து மலைக்குப் போகக்கூடாது என்பது அவள் சட்டம். மூன்றே குளிர்காலத்தில் பேருந்தில் பாதிப் பேர் பெண்களாகிவிட்டார்கள். எனக்கு ஜன்னலோர இருக்கை பறிபோனதும் இவளால்தான்.

அவள் மட்டும் ஒருமுறைகூட மலைக்கு வந்ததில்லை. அடுத்த வாரம் பின்னும்போது, "மேல எப்படி இருந்துச்சு, சொல்லு" என்று கேட்பாள். சரிவின் உச்சிக்குக் கம்பியில் தூக்கிப்போகும் தொங்கு நாற்காலி மேகத்துக்குள் ஏறுவதையும், காலடியில் மரங்கள் சத்தமே இல்லாமல் விலகிப் போவதையும் சொல்லுவோம். விரல்கள் தம் பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருக்கும், அவள் கண்கள் மூடியிருக்கும். அடிக்கடி ஒரு கனவு வருகிறதாம். முழுக்க வெள்ளையான ஒரு சரிவில் அவள் இறங்கிக்கொண்டே இருக்கிறாள், கால் எதிலும் படுவதில்லை.

"அப்ப வந்து தொலையேன்" என்றேன் ஒருநாள். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை.

அவள் தலையில் அலையலையாக இருப்பது விக் என்று அதுவரை எனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதிலிருந்தே இறுக்கி இறுக்கிப் பின்னியதில் முன்தலை முழுவதும் முடி போய்விட்டது. இனி முளைக்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"விக் மேல ஹெல்மெட் நிக்காது. கழட்டினா எல்லாரும் பாப்பாங்க" என்றாள். "பின்னிப் பின்னியே முடி போனவகிட்ட எவடி நம்பித் தலையக் குடுப்பா?"

அந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

தனக்கு அறுபது வயது முடிந்த பிப்ரவரியில் எர்லீன், சும்மா வேடிக்கை பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு பேருந்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மலையைக் குடைந்த சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது வெளியே காய்ந்த பாறைதான். மறுபக்கம் வெளிவந்தால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. எர்லீன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். போய்ச் சேரும்வரை அதை எடுக்கவே இல்லை.

வாடகைக் கவுண்டரில் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் அவள். பூட்ஸ் வாங்கினாள், சறுக்குக் கட்டைகளை வாங்கினாள். விக்கின் மேல் ஹெல்மெட்டை வைத்துப் பட்டையை மாட்டினாள். வரிசையில் அவளிடம் தலை கொடுத்த பெண்கள் பதினாறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். ஹெல்மெட் காதுவரை சரிந்தது.

"ஒரு சைஸ் பெருசா தரட்டுமா மேடம்?" என்றார் கவுண்டர்காரர்.

"பெருசு இன்னும்தான் ஆடும்."

பட்டையை அவிழ்த்தாள். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினாள். விக்கையும் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"பத்திரம்டி. மேல உக்காந்துடாத."

பதினோரு வருடமாக அவளிடம் வருகிற நர்ஸ் டெஸ்ரே, தன் நெற்றியோரப் பின்னலை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எர்லீன் அதைக் கவனித்தாள். எர்லீன் ஹெல்மெட்டை வெறும் தலையில் வைத்து மறுபடி ஆட்டினாள். அது அசையவில்லை.

நாற்காலி எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் கீழே இருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. மேகம் வந்து மூடியதும் முன்னால் போன நாற்காலியும் காணாமல் போனது. எங்கள் நான்கு கால்கள் மட்டும் வெள்ளையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"இந்த எடம் எனக்குத் தெரியும்டி" என்றாள் மெதுவாக. "தூக்கத்துல வந்திருக்கேன்." சற்றுப் பொறுத்து, "டெஸ்ரே இனிமே வரமாட்டா" என்றாள்.

அது குழந்தைகள் பழகும் சரிவு. அதிலேயே ஏழு முறை விழுந்தாள். ஆனால் நாலாவது முறை விழுந்ததற்கும் ஐந்தாவது முறைக்கும் நடுவில், கைகளை விரித்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, பனித்தூவலுக்குள் அவள் மிதந்துபோனதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றதில் இறங்க மறந்துவிட்டேன். இத்தனை வருடமாக எங்களுக்கெல்லாம் கிடைத்தது அவளுக்கும் கிடைத்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிப் போயிற்று.

அடிவாரத்தில் அவள் பனியிலேயே உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். பனி அவள் வெறும் தலையில் நேராக விழுந்து உருகியது. அவள் துடைக்கவில்லை. டெஸ்ரே சறுக்கி வந்து எதிரே நின்றாள்.

"பதினோரு வருஷமா உங்ககிட்ட பின்னிக்கிறேன்க்கா" என்றாள். "மத்த கடையில பின்னினா ரெண்டு நாளைக்குத் தூங்க முடியாது. உங்ககிட்ட ஒருநாள்கூட வலிச்சதில்ல. ஏன்னு இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல."

எர்லீன் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வரேன்" என்றாள் டெஸ்ரே.

"அஞ்சரைக்கே வா" என்றாள் எர்லீன். "உன் முடி அடர்த்தி. இறுக்காம பின்ன நேரமாகும்."