என் முடிவை எடுத்துக்கொண்டவள்

சித்தி எனக்கு மட்டும்தான் சித்தி என்று பதினொரு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஒரே தங்கை, அம்மாவுக்கு நான் ஒரே பெண். இதில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை? அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டவள் எங்கள் மாடி வீட்டில் அம்மாவோடு இருந்த பெங்காலிப் பெண். என்னைவிட ஒரு வயது பெரியவள். என் சித்தியை அவள் வாய் நிறைய “மாஷி” என்று கூப்பிட்டாள். பெங்காலியில் அதற்கும் அம்மாவின் சகோதரி என்றுதான் அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நாங்கள் கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். சித்தி எங்களோடு தங்கிக்கொண்டு, பெஹாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தாள். பொய் சொல்லக்கூட டீச்சர் வைக்கும் காலம் வந்துவிட்டதே என்று அப்பா கேலி செய்வார். அந்த வருஷம் துர்கா பூஜைப் பந்தலில் பிள்ளைகளின் சுவர்ப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று குவார்ட்டர்ஸ் கமிட்டிக்குத் தோன்ற, சித்தியைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய சார்ட் தாள்களை ஒட்டி, அதில் பிள்ளைகள் கைப்பட எழுதிய கதைகளைப் பதித்து, பந்தலுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார்கள். சாமி பார்க்க வருகிற கூட்டமெல்லாம் நின்று படிக்கும். தாளின் நட்ட நடுவில் ஒரே ஒரு கதைக்குத்தான் இடம். அந்த இடம் எனக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீச்சர் என் சித்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஹாலில் வகுப்பு நடந்தது. எட்டுப் பிள்ளைகள். கதை ஆங்கிலத்தில், சண்டை பெங்காலியில். சித்தி யார் கதையை எடுத்தாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பாள்: இதில் யாருக்கு என்ன வேண்டும்? கிளியோ, திருடனோ, ராஜாவோ, அவர்களுக்கு வேண்டியது என்னவென்று தெரியாமல் அடுத்த வரி எழுதக்கூடாது. இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். கதையைத் தொடங்கியவர் அதை முடிக்கக்கூடாது. நோட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். தொடங்கியவருக்குத் தன் ஆட்கள் மேல் பாசம் அதிகம், கஷ்டப்பட விடமாட்டார்கள் என்பாள். கதையின் கீழே இரண்டு பெயர்களும் வரும்.

மாடி வீட்டுப் பெண் எழுதிய தொடக்கத்தைச் சித்தி ஒரே வகுப்பில் மூன்று முறை வாசித்தாள். ஒரு சிறுமியின் அப்பா கப்பலில் என்ஜினியர். பூஜைக்கு வருவேன் என்று சொல்லிப் போனவர். அவள் தினமும் ஆற்றங்கரையில் நின்று வருகிற கப்பல்களை எண்ணுகிறாள். அவ்வளவுதான் கதை. இதில் மூன்று முறை வாசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. என் பேசும் யானையைச் சித்தி ஒரே முறை வாசித்துவிட்டு, யானைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் சித்தியோடு பேசவில்லை. அதை அவள் கவனிக்கவில்லை என்பது வேறு வயிற்றெரிச்சல்.

நோட்டுகளை மாற்றிக்கொண்டபோது அவள் கதை எனக்கு வந்தது. ஒரு வாரம் என்னிடம் இருந்தது. ஏழாவது நாள் நான் அந்த அப்பாவைக் கொன்றேன். நடுக்கடலில் புயல் அடித்தது, கப்பல் மூழ்கியது, அவருடைய தொப்பி மட்டும் கரை ஒதுங்கியது. சிறுமி அதற்குப் பிறகு கப்பல்களை எண்ணவில்லை. கதையைக் கெடுக்க வேண்டும் என்று முழு மனதோடு எழுதியது அது. அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

சித்தி அதைச் சத்தமாக வாசித்தாள். தொப்பி வந்த இடத்தில் நிறுத்தி, மாடி வீட்டுப் பெண்ணைப் பார்த்தாள். அவள் அழவில்லை. கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்துவிட்டுச் சித்தி என் பக்கம் திரும்பி, நன்றாக வந்திருக்கிறது என்றாள். சிரிக்கவில்லை. அசந்துபோய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கெடுக்கப் போய் ஜெயித்துவிட்டேன். நடு இடம் எனக்குத்தான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள். இந்தக் கதையைச் சுவரில் ஒட்ட வேண்டாம், நோட்டை நானே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சித்தியிடம் கேட்டாள். சித்தி ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றாள். என்னை யாரும் கேட்கவே இல்லை. நடு இடத்துக்கு அஞ்சாம் வகுப்புப் பையன் ஒருவனின் மீன் திருடும் பேய் போனது.

சப்தமி அன்று பந்தலில் வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் அவளிடம் உன் அப்பா எங்கே என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவள் கொஞ்சமும் தயங்காமல் என் கதையைச் சொன்னாள். என் புயல், என் கப்பல், என் தொப்பி. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேரே சித்தியிடம் ஓடினேன். அவள் என் முடிவைத் திருடித் தன்னுடையதாகச் சொல்லித் திரிகிறாள் என்று முறையிட்டேன். பொய்யையாவது ஒழுங்காகச் சொல்கிறாளா, அவள் அம்மா கையில் சங்கு வளையல் இருக்கிறது, வகிட்டில் குங்குமம் இருக்கிறது, அப்பா செத்துப்போனால் அதெல்லாம் எப்படி இருக்கும் என்று ஓட்டையையும் எடுத்துக்காட்டினேன். சித்தி திருப்பிக் கேட்டாள்:

“அவளுக்கு என்னடி வேணும்னு நினைக்கிறே?”

வகுப்பில் கேட்ட அதே கேள்வி. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“என் இடம்தான் வேணும். உன்னையும் சேர்த்து.”

“அந்த முடிவு அவகிட்டயே இருக்கட்டும். நீ வேற எழுதிக்கோ” என்றாள் சித்தி.

நான் காலேஜில் படிக்கும்போதுதான் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தப் பெண்ணின் அப்பா எந்தக் கப்பலிலும் போனவரில்லை. சால்ட் லேக்கில், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், வேறொரு குடும்பத்தோடு இருந்தார். குவார்ட்டர்ஸ் முழுக்கப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம். சித்திக்கும் தெரியும்.

அந்த வருஷப் பூஜை முழுக்க நான் மாடி வீட்டுப் பெண்ணோடு பேசவில்லை. தசமி முடிந்து எல்லோரும் இனிப்போடு வீடு வீடாகப் போகும் அன்று அவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். பெரியவர்கள் காலைத் தொட்டுவிட்டு, தட்டிலிருந்த சந்தேஷ் இனிப்புகளில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து என் கையில் வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஜெயித்த திமிர் என்று நினைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே அதைச் சாப்பிட்டேன்.