ஏரியில் கரி

பாகூர் ஏரியை ஒட்டிய ஓர் ஊரில், அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்லூரி ஆய்வு ஒன்றில் ஒப்பந்த வேலை. ஏரி வற்றியதும் வண்டலில் பிளாஸ்டிக் பைப் துண்டுகளை வளையம் வளையமாகப் பதித்து, வாரம் ஒருமுறை மேலே மூடி போட்டு, மண்ணிலிருந்து வரும் வாயுவைக் கருவியில் அளக்க வேண்டும். சாப்பிட்டாயா என்று மண் என்னைக் கேட்காது. அதனால் சாயங்காலமானால் டீக்கடைக்குப் போய்விடுவேன். அந்தக் கடையும் எதிர்வீட்டு அக்காவும்தான் எனக்கு இருந்த பேச்சுத்துணை.

ஏரியின் அடிமண் கறுப்பு. பல தலைமுறையாக விழுந்த இலையும் கோரையும் தண்ணீருக்கடியில் முழுதாக மக்க முடியாமல் அதில் தங்கியிருக்கின்றன. தண்ணீர் நிற்கும்வரை அது பத்திரம். இப்போதெல்லாம் வெயில் முந்திக்கொள்கிறது, மழை பிந்துகிறது. வண்டல் பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்புக்குள் காற்று போனதும், அத்தனை காலம் அடங்கிக் கிடந்தது மக்கி, கரியமில வாயுவாகக் கிளம்பிவிடுகிறது. மேலே போன வாயு வெயிலை இன்னும் கூட்டும். அடுத்த கோடையில் ஏரி இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

டீக்கடையில் ஒருவர், "ஏரில இன்னாதான்பா தேடற?" என்று கேட்டபோது இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். எனக்கு அவசரம், கொஞ்சம் மிடுக்கும்கூட. "மண்ணுல கரி எவ்ளோ இருக்குதுன்னு பாக்கறேன்" என்றேன். கார்பனைத்தான் அப்படிச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் பூமிக்கடியில் நிலக்கரி இருக்கிறது, என்றைக்காவது சுரங்கம் வந்து நிலத்தையெல்லாம் வாரிக்கொள்ளும் என்ற பயம் நெடுநாளாக உண்டு. கரி என்ற சொல்லை இங்கே யாரும் சும்மா சொல்வதில்லை. இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது உறைக்கவில்லை. படித்த புத்தி, வேறென்ன.

மறுநாளிலிருந்து டீ வந்தது, பேச்சு வரவில்லை. எதிர்வீட்டு அக்கா என்னைக் கண்டதும் உள்ளே போனார். எனக்குக் கோபம். வீம்புக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் ஏரிக்குப் போனால், வளையங்களையெல்லாம் பிடுங்கிக் கரையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை. உடைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றேன்.

"கரி இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டியா?" என்றார்.

"அந்தக் கரி இல்லக்கா. இது எலை தழையெல்லாம் மண்ணோட கெடந்து ஆனது. அதுவும் வெயில்ல காத்தாப் போயினு இருக்குது."

"போயினு இருக்குதா?"

"ஆமாக்கா. வருசா வருசம் கொறையுது."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப அதையே எழுதுபா. இங்க ஒண்ணுமில்ல, எல்லாம் பூடுச்சின்னு எழுது" என்றவர், தெருவைப் பார்த்து, "கரி இல்லியாம்" என்று குரல் கொடுத்தார். நாலைந்து பேர் வந்தார்கள். டீக்கடையில் கேட்டவர் என் தோளில் கை போட்டார். "வளையத்த நாளைக்கி நாங்களே நட்டுத் தரோம்பா. எல்லாம் பூடுச்சி, அதான?"

அது போவதுதான் கெடுதல் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். எட்டு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்த அந்த முகங்களிடம், "ஆமாண்ணே, பூடுச்சி" என்றேன்.