பதிவேட்டில் ஏறாத காய்ச்சல்

சென்ற வாரம் கணவர் தன் போனில் ஒரு காணொலியைக் காட்டினார். கொரோனாவில் எந்த நாட்டில் எவ்வளவு பேர் இறந்தார்கள் என்று கோடுகள் வரிசையாக நின்றன. பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள சில நாடுகளின் கோடு நம்முடையதைவிட உயரம்.

"பாத்தியா, நம்ம உடம்ப அது ஒண்ணும் பண்ணல" என்றார். நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

காணொலியில் காரணங்களும் சொன்னார்கள். அங்கே முதியவர்கள் அதிகம், இங்கே இளையவர்கள். சர்க்கரை, வீட்டு நெருக்கடி, தடுப்பூசி எப்போது வந்தது. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: சில இடங்களில் மரணங்கள் சரியாகப் பதிவாகவில்லை. சடையை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, மகள் கத்தினாள்.

இரண்டாம் அலையின்போது பூம்பாறையில் மாமனார் வீட்டில் இருந்தோம். நான் பாடம் நடத்திய கொடைக்கானல் பள்ளி மூடியிருந்தது. மகள் கைக்குழந்தை. பரணில் பூண்டுக் கட்டுகள் தொங்கும். கெடாமலிருக்க அடியில் புகை போடுவார்கள். அதனால் அந்த வீட்டில் யார் இருமினாலும் பழி புகைக்குத்தான்.

மாமா இருமினார். ஒருநாள் காலையில் ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி முகர்ந்துவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்த தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏலே, இந்தத் தடவ பூண்டுல வாசமே இல்லையேடா. விதையில கோளாறோ?"

"வாசம் போனது பூண்டுக்கா, ஒம் மூக்குக்கா? தெருவே மணக்குதுண்ணே!"

இருவரும் சிரித்தார்கள். வாசனை தெரியாமல் போவது எதன் அறிகுறி என்று நான் படித்திருந்தேன். அந்த வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான்.

சொன்னால் ஆஸ்பத்திரி வண்டி வரும். தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள். காய்கறி லாரி ஊருக்குள் வராது, வந்த மருமகளால்தான் என்பார்கள். எனக்கும் இருந்துவிட்டால் குழந்தையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். புகையாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். நாளைக்குச் சொல்லலாம் என்றேன். குழந்தையை மட்டும் அவர் பக்கம் விடாமல் தூக்கிக்கொண்டே திரிந்தேன். அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் அவர் இறந்தார். ஆக்சிஜன் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று தெரியாது. கேட்டுப் பார்க்கவே இல்லை.

சின்ன மாமாதான் அண்ணனைக் குளிப்பாட்டினார். ஊரே வந்து விழுந்து அழுதது. மறுநாள் சுகாதாரச் செவிலியர் நோட்டோடு வந்தார்.

"காய்ச்சல் கீய்ச்சல் இருந்துச்சாம்மா?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க. வயசாயிருச்சு" என்றேன்.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்று இறப்புப் பதிவு விண்ணப்பத்தையும் என்னையே எழுதச் சொன்னார்கள். காரணம்: முதுமை. போன வாரம்வரை மண்வெட்டி பிடித்த மனிதர்.

கருமாதிக்கு முன்பே சின்ன மாமாவும் போனார். அதையும் நானே எழுதினேன். மாரடைப்பு. காணொலியில் நின்ற நம் நாட்டுக் கோட்டை இரண்டு பேர் அளவுக்குக் குட்டையாக்கியது என் கை. இப்படி எத்தனை வீட்டில் எத்தனை நல்ல கையெழுத்தோ. கணவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

காணொலி பார்த்த மறுநாள் சின்ன மாமாவின் மனைவி வந்தார். பேச்சு எங்கெங்கோ போய் அவரிடமே வந்து நின்றது.

"வெள்ளனே எந்திரிச்சுக் காட்டுக்குப் போற மனுசன். அண்ணன் போன ஏக்கம்னு சொல்றாக. ஏக்கத்துல ஆளு சாவாகளா? நீ படிச்ச புள்ள, சொல்லு."

மகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏக்கமாத்தான் இருக்கும், சின்னத்தை."

"ம். நீ சொன்னா சரிதான்" என்றார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.