வெயிலில் நிறுத்திப் பார்த்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றித் தங்கையாகிய என்னை எழுதச் சொன்னார்கள். புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே பிடிக்கும். ஆகவே தயங்காமல் புகழ்கிறேன்.

அண்ணன் பிறந்தது கச்சிராயபாளையத்தில். அப்பாவுக்குக் கரும்பு வெட்டும் கூலி வேலை. கரும்புச் சோகை அறுத்த கீறல்களும் சேற்றுப்புண்ணும் அவர் உடம்பை விட்டுப் போனதேயில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கால்களுக்கு எண்ணெய் தடவுவது அண்ணனின் வேலை. பிற்பாடு மருத்துவம் படித்து, மேற்படிப்புக்குத் தோல் நோயை எடுத்தபோது, "படிச்சதுதான் படிச்ச, இருதயத்துக்குப் படிக்கக் கூடாதா? சொறி செரங்குக்குப் போயி டாக்டரா?" என்று சித்தப்பா அங்கலாய்த்தார். அதே சித்தப்பாதான் படர்தாமரையோடு முதல் ஆளாக வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு அருகே சிறிய கிளினிக் வைத்தார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று, மலை ஊர்க்காரர்களுக்குத் தம் செல்போன் எண்ணைக் கொடுத்தார். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று அவர்கள் படம் அனுப்புவார்கள். நாங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துத்தான் தேமலும் கொப்புளமும் வந்து சேரும். "சோறு துன்னும்போது அந்தக் கண்றாவிய இன்னாத்துக்கு விரிச்சி விரிச்சிப் பார்க்கறீங்க?" என்று அண்ணி தட்டோடு எழுந்து உள்ளே போவார். அண்ணன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ரசம் ஊற்றிக்கொள்வார்.

ஒருமுறை மலையிலிருந்து ஒரு தகப்பனார் தம் மகளின் கன்னத்தில் இருந்த வெளிறிய திட்டைப் படம் எடுத்து அனுப்பினார். அண்ணன் தேமல் என்று நினைத்துக் களிம்பு சொன்னார். இரண்டு மாதம் கழித்து, "கொறையவே இல்லீங்க சார், பொண்ணுக்குக் கல்யாணம் வேற வச்சிருக்கறோம்" என்று போன் வந்தது. அண்ணன் புதிய படம் கேட்டார். வந்த படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடமே பேசினார்.

"மூஞ்சியில பவுடர் போட்டுக்கினு இருக்கியாம்மா?"

"போட்டோன்னா போடாம எப்டிங்க சார்?"

நம் பக்கத்தில் வெறும் முகத்தோடு யார் படத்துக்கு நிற்கிறார்கள்? முதல் படத்துக்கும் முகம் கழுவி, பவுடர் பூசி, பொட்டு வைத்துத்தான் நின்றிருக்கிறாள். பாதித் திட்டு பவுடருக்குள் போய்விட்டது. அதைக் கழுவிவிட்டு வெயிலில் நின்று எடுக்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, அவள் அம்மாவைப் பஞ்சால் திட்டின்மேல் தொடச் சொன்னார்.

"தொட்டது தெரியுதாம்மா?"

"அம்மா இன்னும் தொடவே இல்லீங்களே சார்."

"தொட்டுக்கினுதாண்டி இருக்கறேன்" என்றது அம்மாவின் குரல்.

அண்ணன் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. மறுநாள் மலைக்குப் பஸ் ஏறினார். நானும் உடன் போனேன். நேரில் பார்த்து, தொழுநோய்தான் என்று உறுதி செய்தார். அவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து, "மொதல்லயே நான் கண்டுபுடிச்சிருக்கணும். தப்பு என்னுது" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். எத்தனை டாக்டர்கள் அப்படிச் சொல்வார்கள்? மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நோய் முழுதாகக் குணமாகும், கன்னத்தில் உணர்ச்சி திரும்புமா என்பதை மட்டும் இப்போதே சொல்ல முடியாது என்றார்.

"வெளிய தெரிஞ்சா கல்யாணம் நின்னுடுமே சார்" என்று தகப்பனார் கலங்கினார்.

மகள்தான் நிமிர்ந்து பேசினாள். "மாப்ள வூட்ல நீங்களே சொல்லிடுங்க சார். மறைச்சிக் கட்டிக்கினு, நான் ஒளிஞ்சி ஒளிஞ்சி மாத்தர போடணுமா?"

அண்ணன் போய்ச் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் எழுந்து உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை மட்டும், "மாத்தர துன்னா செரியாப் பூடுமில்லீங்க?" என்று கேட்டார். "பூடும்பா" என்றார் அண்ணன். "அப்புறம் இன்னாங்க?" என்றார் அந்தப் பிள்ளை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அண்ணன் முதல் பந்தியில் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மருந்து முடிந்து திட்டும் மங்கியது. ஆனாலும், "அந்த ரெண்டு மாசம் என்னாலதான் போச்சு" என்று அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரது கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிடாமலே வந்து நின்ற தெருக்காரர்களுக்கும், கூலியை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்து இறுதிச் சடங்கில் நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தன் கதையை எழுதச் சம்மதித்து, பெயரைப் போட்டாலும் பரவாயில்லை என்றவள் அந்த மலை ஊர்ப் பெண். நான்தான் போடவில்லை. அண்ணன் போவதற்குச் சில நாள் முன்பு கணவரோடு பார்க்க வந்திருந்தாள். அண்ணன் அவளைக் குனியச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டார். தொட்டது தெரிகிறதா என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை.

"சார், உங்க கை இவ்ளோ சில்லுன்னு இருக்குதே" என்று சொல்லி அழுதாள் அவள்.

அண்ணனை நிம்மதியாக அனுப்பி வைத்த அந்த வார்த்தைக்கு எங்கள் நன்றி, அம்மா.