உள்சுவரில் தலையெண்ணெய்

கலத்தின் உள்ளே விட்ட வெள்ளைத் துணி மஞ்சளாக வெளியே வந்தது. அவள் கையுறையைக் கழற்றாமலே அதை மூக்கருகே கொண்டுபோனாள். தலையெண்ணெய். ரோஜா வாசனை வேறு. 

"என்னக்கா அது?" என்றான் லேத் ஓட்டுகிறவன்.

"மோந்து பாரு."

பார்த்தான். "சீ, யாரோ உள்ள உக்காந்து தலை வாரியிருக்காங்க."

அது பீப்பாய் அகலத்துக்கு ஒரு எஃகுக் கலம். பல்கலைக்கழகப் பட்டறையில் ஆறு வாரம் வெட்டி, வெல்டிங் செய்து, இயற்பியல் பேராசிரியருக்காக அவள் செய்து கொடுத்தது. அதிலிருந்து காற்றை அநேகமாக முழுக்க உறிஞ்சிவிட வேண்டும். உள்ளே ஒரு விரல் பட்டால் போதும், அந்தப் பிசுக்கு நாள்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அழுத்தமானியின் முள் இறங்காது. முள் இறங்கவில்லை. வெல்டிங் கசிகிறது என்று பேராசிரியர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். பத்தொன்பது வருடத்தில் அவள் செய்த வெல்டிங் ஒன்றுகூடக் கசிந்ததில்லை.

காலையில்தான் அவளும் லேத் ஓட்டுகிறவனும் ஒவ்வொரு இணைப்பின் மீதும் ஹீலியம் வாயுவை ஊதி, அது உள்ளே நுழைகிறதா என்று சோதித்தார்கள். எங்கும் கசிவில்லை. அதனால்தான் மூடியைத் திறந்தாள்.

யாருடைய தலை என்று தேட வேண்டியிருக்கவில்லை. பல்கலைக்கழகச் செய்திமடலின் அட்டையில் பேராசிரியர் கலத்தின் ஒரு வாயில் தலையை நுழைத்து மறு வாய் வழியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மதியம் அவரே வந்தார்.

"எண்ணெய்னா உங்க பட்டறை எண்ணெயா இருக்கும்மா."

"எங்க மிஷின் எண்ணெய்ல ரோஜா மணக்காது சார்."

அவர் சிரித்துக்கொண்டே கலத்தின் விளிம்பில் உள்ளங்கையை ஊன்றினார்.

"கைய எடுங்க சார்."

எடுத்தார். பளபளப்பின் மேல் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

மாலை மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேனாவின் பின்முனையால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"லெட்டர் துணைவேந்தர் வரைக்கும் போயாச்சு. இப்பப் போய்த் தலையெண்ணெய்னு எழுதினா பெரிய மனுஷன் மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு? 'வெல்டிங் கசிவு சரிசெய்யப்பட்டது.' ஒரே வரி. நானே டைப் அடிச்சுட்டேன்."

"கசியாதத நான் எப்படி சார் சரிசெஞ்சேன்?"

"கையெழுத்துப் போட்டா பட்டறை. இல்லன்னா நாளைலேர்ந்து ஸ்டோர். நான் சொல்லல, மேல சொல்றாங்க." காது குடைந்த பேனாவை அப்படியே நீட்டினார்.

அவள் அதைத் தொடவில்லை. தாளை மட்டும் ஓரமாகப் பிடித்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் பஸ் ஓட்டிவிட்டு வந்த புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டான்.

"கையெழுத்துத்தானே கேக்கறாங்க, கிட்னியையா கேக்கறாங்க?"

"கிட்னின்னா ஒண்ணு குடுத்துட்டு வந்திருப்பேன்."

அவனுக்குச் சிரிப்பில் புரையேறியது. சாப்பிட்ட கையாலேயே கண்ணாடி டம்ளரை எடுத்துக் குடித்தான். "ஸ்டோர்ல உக்காந்து உக்காந்து இடுப்பு பெருத்துடும், யோசிச்சுக்கோ."

குழம்பு ஒட்டிய டம்ளர் அவள் பக்கம் வந்தது. அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் எட்டரை மணிக்கு அந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் மேற்பார்வையாளரின் மேசையில் வைத்தாள். அவர் ஸ்டோர் சாவியைத் தந்தார். தாளில் லேத் ஓட்டுகிறவன் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு வெல்டிங் தெரியாது. பத்து மணிக்குக் கலத்தை அசிட்டோன் விட்டு எண்ணெய் போக மூன்று முறை துடைத்து மூடினான். ஸ்டோரில் போல்ட்டுகள் அளவுவாரியாக இல்லை. அவள் மதியம் வரை பிரித்து வைத்தாள். நான்கு மணிக்கு எதிரே இயற்பியல் கட்டடத்தில் கலத்தின் காற்றை உறிஞ்சும் பம்ப் ஓடத் தொடங்கியது. ஐந்து மணிக்கு ஸ்டோரைப் பூட்டி, கை கழுவி, பஸ் ஏறினாள்.