சின்னம்மா கொடுத்த சம்மதம்

இரண்டாயிரங்களின் நடுவில் நோர்வேயில் கைரோபிராக்டிக் படிக்கக் கல்லூரி இல்லை. முதுகும் கழுத்தும் பார்க்கும் அந்தத் தொழிலை இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து, ஒஸ்லோவில் ஒரு சிகிச்சை நிலையத்தில் பயிற்சிப் பணியில் இருந்தேன். அந்த வருடம் என் கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அங்கே ஒழுங்காகத்தான் கற்பிக்கிறார்களா என்று அறிய, படித்து வந்தவர்கள் வேலை செய்வதையும் பார்ப்பார்களாம். அப்படி ஒரு மதிப்பீட்டாளர் என்னிடம் வந்தார். நோர்வேக்காரர், நெட்டையான, அழகான மனிதர்.

அன்று பார்த்து என் நோயாளி வரவில்லை. பதறிப்போய், நகரின் ஓரத்தில் ரொம்மன் பகுதியில் இருந்த சின்னம்மாவை வரவழைத்தேன். அவரிடம் முதுகுவலி எப்போதும் கைவசம் இருக்கும். கடையில் பேரம் பேசும் அளவுக்கு நோர்வே மொழியும் தெரியும். ஆனால் பேனாவோடு உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் அது பறந்துவிட்டது. "எனக்கொண்டும் விளங்காது பிள்ளை, நீயே கேட்டுச் சொல்லு" என்றார்.

சிகிச்சை நல்லபடி முடிந்தது. பிறகுதான் கேள்விகள். தொடுவதற்கு முன் நோயாளியின் சம்மதம் பெறப்பட்டதா என்று மதிப்பீட்டாளர் கேட்டார். பதற்றத்தில் நான் சுருக்கிவிட்டேன்.

"சின்னம்மா, சம்மதமோ எண்டு கேக்கிறார்."

சின்னம்மா எழுந்து உட்கார்ந்து, அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எனக்குச் சம்மதம்தான். ஆனா கொம்மாவையும் கொப்பரையும் ஒருக்காக் கேக்க வேணுமெல்லோ?"

அவர் என்னைப் பெண் கேட்பதாக நினைத்து, சின்னம்மா என் அம்மா அப்பா வரைக்கும் போய்விட்டார்! விளக்கலாமென்றால், மதிப்பீட்டாளர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "சம்மதம் என்கிறார். குடும்பத்தையும் கலந்து பேசுவாராம்" என்றேன். அவர் மகிழ்ந்து எழுதிக்கொண்டார். அடுத்து, சிகிச்சைக்குப் பின் ஏதும் சிக்கல் வந்தால் என்ன செய்வதென்று சொல்லப்பட்டதா என்றார்.

"பிறகு பிரச்சினை வந்தா என்ன செய்யிறதாம்?"

"நாங்கள் என்னத்துக்கு இருக்கிறம்? பெட்டையைத் தனிய விடமாட்டம் எண்டு சொல்லு."

"உறவினர்கள் துணை இருப்பார்களாம்" என்றேன். அவர் தலையசைத்து அதையும் எழுதினார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னம்மாவுக்கு நோர்வே மொழி திரும்பி வந்துவிட்டது. நேராக அவரிடமே, "நீங்கள் கலியாணம் கட்டினவரோ?" என்று கேட்டார்.

அவர் சிரித்தபடி, மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருப்பதாகச் சொன்னார்.

சின்னம்மாவின் முகம் கறுத்தது. "மூண்டு பிள்ளையளோ! சம்மதமில்லை எண்டு சொல்லு."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "நோயாளி சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறார்."

மதிப்பீட்டாளர் பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்த நேரமும் மறுக்கலாம் என்பதை இவ்வளவு தெளிவாக அறிந்த நோயாளியை, போன இடம் எங்கும் அவர் காணவில்லையாம்.

கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அன்று மாலை நான் வீடு சேரும் முன்பே அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

"ஆரோ பிள்ளைகுட்டிக்காரன் பேனையும் பேப்பருமா வந்து உன்னைப் பொம்பிளை கேட்டவனாமே?"